அவள் பங்கைக் கட்டிவிட்டோம்

1

வந்திருந்தோர்: நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மகன் (வீட்டில் 'கப்பல்' என்று அழைக்கப்படுபவன்), கப்பலின் மனைவியான எங்கள் மருமகள், கப்பலின் தங்கையான சின்னவள் (கல்யாணம் நிச்சயமாகியிருந்தது). வராதோர்: யாருமில்லை. இடம்: தம்பி வீட்டு முன்னறை. தம்பி தலைமை வகித்தான். நான் குறிப்பெடுத்தேன்.

ஒரு கதையை இப்படித் தொடங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கதை எழுதுகிறவர்கள் மழையில் தொடங்குவார்கள், இல்லையென்றால் ரயிலில். ஆனால் நான் ஓய்வுபெறும்வரை நகரசபையில் கூட்டக் குறிப்பு எழுதிய ஆள். யார் யார் இருந்தார்கள் என்று எழுதாமல் என் பேனா அடுத்த வரிக்கு இறங்காது. 'நீண்ட விவாதத்துக்குப் பின்' என்று நான் எழுதினால் யாரோ நாற்காலியைத் தூக்கியிருக்கிறார்கள் என்று பொருள். 'உறுப்பினர் தம் வருத்தத்தைப் பதிவுசெய்தார்' என்றால் கெட்ட வார்த்தை. 'ஏகமனதாக' என்றால் எல்லோருக்கும் பசி. ஆகவே நான் கற்பனை எழுத்துக்குப் புதியவள் அல்ல.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வதந்தியிலிருந்து பிறந்தது. என்ன வதந்தி என்பது உரிய இடத்தில் வரும். அதை நேரில் போய் மறுக்க எனக்கு அனுமதி இல்லை. குடும்பத் தீர்மானம் ஒன்று என் வாயைக் கட்டியிருக்கிறது. தீர்மானத்தை எழுதியவள் நான். அதன் கீழே இருக்கும் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

"வெளியில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுக்கா" என்றான் தம்பி போன வாரம்கூட.

"கதை எழுதலாமா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "கதைதானே, எழுதிக்கோ. கதையை யாரு நம்பப்போறா?"

எனவே இது கதை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'அவள் மற்றவர்களுடைய பற்களைச் செய்து பிழைத்தாள்.' பொய் இல்லை. எங்கள் மருமகள் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கானைப் பூசி, சிறிய உலையில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குக் கொண்டுவருவாள். ஆனால் அந்த வாக்கியத்தைப் படித்தால் அவள் ஏதோ சூனியக்காரி போலத் தோன்றுகிறாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'குடும்ப மானம் என்பது'

இதை முடிக்கவில்லை. இப்படித் தொடங்கிய பேச்சுகளை நகரசபையில் நிறையக் கேட்டிருக்கிறேன். பேசியவர் உட்காரும்போது அவையில் பாதிப் பேர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது: 'மொத்தம் ஐந்து மசாஜ் நாற்காலிகள்.' இதுதான் சரியென்று படுகிறது.

சிறு வயதில் எதைக் கேட்டாலும் கப்பல் அளவுக்குக் கேட்பான் என்பதால் கப்பலுக்கு அந்தப் பெயர். வளர்ந்த பிறகு ஒருநாள், இருந்த வேலையை விட்டுவிட்டு, காசு போட்டால் முதுகு பிடித்துவிடும் நாற்காலிகளை வாங்கினான். பேருந்து நிலையத்தில் இரண்டு, மருத்துவமனை வரவேற்பறையில் இரண்டு, துணிக்கடையில் ஒன்று. நாற்காலிகளுக்கு அமோக வரவேற்பு. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை ஒன்றுகூடக் காலியாக இருந்ததில்லை. ஆனால் யாரும் காசு போடவில்லை. மெத்தென்று இருந்தது, உட்கார்ந்தார்கள். துணிக்கடையில் மனைவிமார் துணி எடுத்து முடிக்கும்வரை கணவன்மார் அதில் தூங்கினார்கள். ஒருவர் குறட்டை விட்டதால் இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்துக் கப்பல் சந்தோஷப்பட்டான்.

(குறட்டை நான் சேர்த்தது. மற்றதெல்லாம் நடந்தது.)

அந்த நாற்காலிகளுக்கான பணம் கூட்டுக் கணக்கிலிருந்து வந்தது. இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பரிசாகப் பாத்திரம் பண்டம் தருவதில்லை. கல்யாணமான மறுவாரம் வீட்டின் மூத்தவர் புதுத் தம்பதியை வங்கிக்கு அழைத்துப் போய், இருவர் பெயரிலும் ஒரு கணக்கைத் தொடங்கி, முதல் தொகையைப் போட வேண்டும். என் தந்தை ஏற்படுத்திய வழக்கம். கப்பலையும் மருமகளையும் அழைத்துப் போனவள் நான். 'இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்ற இடத்தில் குறியிடச் சொன்னவளும் நான்தான். இரண்டு பேரும் கையெழுத்திட்டால்தான் பணம் என்பது புருஷன் பெண்டாட்டியைச் சந்தேகப்படுவதுபோல் இருந்தது எனக்கு.

பின்னால் அந்தக் கணக்கில் வங்கி ஓவர்டிராஃப்ட் வசதி கொடுத்தது. அதாவது, கணக்கில் இல்லாத பணத்தையும் ஓர் அளவுவரை எடுக்கலாம், வட்டியோடு திருப்ப வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மருமகளும் கையெழுத்திட்டாள். கப்பல் அந்த அளவு முழுவதையும் எடுத்து ஐந்து நாற்காலிகளாக மாற்றினான்.

3

இந்த இடத்தில் கப்பலை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாக நகரும். முயன்றேன். 'அவன் உதட்டில் ஏளனச் சிரிப்பு' என்று எழுதினேன். அவனுக்கு ஏளனமாகச் சிரிக்கத் தெரியாது. விளம்பரப் படத்தில் நாய்க்குட்டி தொலைந்தால்கூட அழுகிறவன். 'குடிப்பழக்கம்' என்று எழுதி அடித்தேன். இருமல் மருந்துக்கே அவனுக்குத் தலை சுற்றும். கடைசியில் அவனை இருக்கிறபடியே விட்டுவிட்டேன். நல்லவர்கள் செய்யும் நஷ்டத்துக்கும் அதே வட்டிதான்.

அவர்கள் பிரிந்ததற்குக் காரணமும் வாசகர் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. என் முன்னால்தான் பேசிக்கொண்டார்கள்.

"நஷ்டமானதுக்கு நான் கோவிச்சுக்கல" என்றாள் மருமகள். "தொழில்னா நஷ்டம் வரும். என்னை ஒரு வார்த்தை கேக்காம எடுத்தீங்க பாருங்க, அதுதான்."

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றான் கப்பல்.

"இருந்துச்சு."

அவ்வளவுதான். சண்டை இல்லை, சாமான் பறக்கவில்லை. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் நடந்த முதல் பிரிவு. அதற்காகத்தான் தொடக்கத்தில் சொன்ன கூட்டம்.

துணிக்கடைக்காரர் திருப்பி அனுப்பியிருந்த மசாஜ் நாற்காலியில் அமர்ந்து தம்பி தலைமை வகித்தான். மின் இணைப்பு கொடுக்கப்படவில்லை. நீண்ட விவாதத்துக்குப் பின் நிறைவேறிய தீர்மானங்கள்:

சின்னவள் கல்யாணம் முடியும்வரை இந்தப் பிரிவை வெளியார் யாரிடமும் சொல்வதில்லை.

கூட்டுக் கணக்கை மூடுவதில்லை. காரணம், அந்தக் கிளையின் மேலாளர் சின்னவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் தாய்மாமன். இருவரும் போய்க் கணக்கை மூடினால் ஏன் என்று கேட்பார்.

கடனில் மருமகளின் பங்கான பாதியைக் குடும்பமே கட்டிவிடுவது. மறுபாதி கப்பலின் பொறுப்பு. அவனுக்குப் புத்தி வரட்டும்.

மூன்றாவது தீர்மானம் நான் கொண்டுவந்தது. "நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணு. போகும்போது கடன்காரின்னு ஒரு சொல் அவ மேல விழக் கூடாது" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன்.

மருமகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "பாதி கட்டினா பாதி போயிடுமா பெரியத்தை?"

"போகாம?"

கையெழுத்திட்டாள். ஏகமனதாக. சாப்பாட்டு நேரம்.

4

வங்கிக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

"இது என் மருமகளோட பங்கு" என்றேன் காசாளரிடம். "ரசீதுல அப்படியே எழுதிக் குடுங்க."

"அப்படி எழுத இடம் இல்லீங்கம்மா. கணக்கு ஒண்ணுதானே."

"கணக்கு ஒண்ணு, ஆளு ரெண்டு. பாதி கட்டுறோம்."

"தாராளமா கட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா..."

"ஆனான்னா? பணம் வேணாமா?"

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. காசாளர் பெருமூச்சு விட்டார். ரசீதின் பின்பக்கத்தில் 'மருமகள் பங்கு' என்று எழுதித் தந்தார். எழுத்தைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன். அன்று படியிறங்கும்போது கைப்பிடியைத் தொடவில்லை.

[அந்த 'ஆனா...'வை நான் முடிக்கவிடவில்லை. இந்தக் கதையில் பாதியில் விட்ட வாக்கியங்கள் சில உண்டு. அவற்றில் விலை அதிகமானது அதுதான். முடித்திருந்தால் அவர் இப்படிச் சொல்லியிருப்பார் என்று இப்போது தெரிகிறது: 'ஆனா கூட்டுக் கடன்ல பங்கு கிடையாதும்மா. ரெண்டு பேருமே முழுக் கடனுக்கும் பொறுப்பு. அவரு கட்டலைன்னா, மிச்சம் முழுசும் அவங்க கட்டாத மாதிரிதான் ஆகும்.']

கப்பலுக்குப் புத்தி வந்தது. பணம் வரவில்லை. அவன் தவணை தவறிய ஒவ்வொரு மாதமும், வங்கி தன் வழக்கப்படி கடன் வரலாறு பார்க்கும் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பியது. கணக்கில் இரண்டு பெயர். எனவே இரண்டு பேர் மேலும் கோடு விழுந்தது. ரசீதின் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

5

ஒரு வருடம் கழித்து மருமகள் என் வீட்டுக்கு வந்தாள்.

'படியேறி வந்தவளின் முகத்தில் ஒரு' — வேண்டாம். முகத்தில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். விரல் நகத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

"வேற பேங்க்ல லோன் கேட்டேன், இல்லைன்னுட்டாங்க பெரியத்தை."

விஷயம் இது. லேப் முதலாளிக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. லேபை, உலை முதல் மருத்துவர்களின் முகவரிவரை, அப்படியே கைமாற்றிவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். முதலில் எங்கள் மருமகளிடம்தான் கேட்டிருக்கிறார். இந்த மாதக் கடைசிவரை அவளுக்காகக் காத்திருப்பார், அதற்குப் பிறகு வெளியூர்க்காரர் ஒருவருக்கு. அந்த வெளியூர்க்காரர் தன் ஆட்களையே வேலைக்குக் கொண்டுவருவார். ஆக, லேப் வந்தால் அவள் முதலாளி. வராவிட்டால் இருக்கிற வேலையும் போகும். நடுவில் ஒன்றும் இல்லை.

"உனக்கென்ன குறைன்னாங்களாம்?"

"எனக்கு ஒரு குறையும் இல்லையாம். சம்பளம் சரி, சேமிப்பு சரி. என்னோட சேத்துக் கட்டியிருக்கிற ஆளுதான் சரியில்லையாம்."

"அதான் பிரிஞ்சாச்சே!"

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? புருஷன் பொண்டாட்டியான்னு அவங்க பாக்கிறதே இல்லையாம். சேந்து கணக்கு இருக்கா, அதைத்தான் பாக்கிறாங்க. கணக்கு இருக்கு. அதுல கடனும் இருக்கு."

"உன் பங்கைக் கட்டியாச்சே. ரசீது இருக்கு!"

அவள் சிரித்தாள். கோபத்தில் சிரித்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். "பெரியத்தை, நாங்க பாலம்னு ஒண்ணு செய்வோம். ரெண்டு மூணு பல்லைச் சேத்து ஒரே துண்டாக் கட்டிடுறது. அப்படிக் கட்டிட்டா அப்புறம் ஒரு பல்லு ஆடுது, அதுக்கு மட்டும் வைத்தியம் பாருங்கன்னு சொல்ல முடியாது. மொத்தமாத்தான் கழட்டணும்."

ரசீதை எடுக்க எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன்.

"கடன் வாங்கினது அவரு" என்றாள். "மானத்தைக் காப்பாத்தினது நீங்க எல்லாரும். தவணை தப்பினது மட்டும் என் பேர்ல."

எழுந்து போகும்போது வாசலில் நின்று என் வாயையே பார்த்தாள். தொழில் புத்தி. "மேல் வரிசையில ரெண்டாவது பல்லு ஆடுதா பெரியத்தை?"

"இல்லை" என்றேன்.

(ஆடியது.)

6

இரண்டாவது கூட்டம். வந்திருந்தோர்: அதே ஆறு பேர். தம்பி அதே நாற்காலியில்.

"ரெண்டு மாசம்தானேம்மா" என்றான் தம்பி. "கல்யாணம் முடிஞ்சதும் மொத வேலையா கடனை முடிச்சுக் கணக்கை மூடிடலாம்."

"ரெண்டு மாசத்துல முதலாளி பூட்டைப் போட்டுட்டுப் போயிடுவாரு மாமா."

"வேற லேப் கிடைக்காதா என்ன?"

"உங்க பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை கிடைக்க மாட்டாரா என்ன?"

தம்பி மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். சின்னவள் பொத்திக்கொள்ளவில்லை. "அண்ணி கேக்கிறது சரிதானேப்பா. என் கல்யாணத்துக்கு அண்ணி ஏன் கடன்காரியா நிக்கணும்? அவங்க பிரிஞ்சது தெரிஞ்சு இந்தக் கல்யாணம் நின்னா நிக்கட்டும். நின்ன கல்யாணத்துக்கு வட்டி கிடையாது."

"வாயைப் பாரு!" என்றாள் தம்பி மனைவி.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கப்பல் எழுந்தான். "முதியோர் இல்லத்துல நாலு நாற்காலியையும் வாங்கிக்கிறேன்னாங்க. காசு போடாமலே ஓடுற மாதிரி மாத்திக் குடுக்கச் சொன்னாங்க. மாத்திட்டேன்." தம்பி அமர்ந்திருந்த ஐந்தாவதைப் பார்த்தான். தம்பி அசையவில்லை. "அந்தப் பணம் போதாது. கொஞ்சம் குறையும்."

குறைந்ததை நான் போட்டேன். யார் பங்கு என்று எழுதச் சொல்லவில்லை.

தம்பி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான். கடனைத் தீர்த்துக் கணக்கை மூடலாம். ஆனால் சத்தமில்லாமல். முதல் தீர்மானம் அப்படியே இருக்கும். கல்யாணம்வரை யாரும் வெளியில் சொல்லக் கூடாது. இதிலும் முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். இதை இப்போது எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. ஆனால் குறிப்பு குறிப்புதான்.

7

மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துப் போனோம். நான், கப்பல், மருமகள். கடனைக் கட்டினோம். இருவரும் கையெழுத்திட்டார்கள். கணக்கு மூடப்பட்டது. நான் திறந்துவைத்த கணக்கு என்பதால் பக்கத்தில் நின்றேன்.

வெளியே படியில் இறங்கும்போது மருமகளின் செருப்பு வார் அறுந்தது. தடுமாறியவளைக் கப்பல் பிடித்தான். குனிந்து செருப்பை எடுத்தான். "நாற்காலியில உக்காந்திருந்தா இது நடந்திருக்குமா?" என்றான். அவள் சிரித்துவிட்டாள். நானும்.

எதிரே சாவி வெட்டுகிறவரின் பெட்டிக்கடை. அவர் பார்த்தார்.

வாசகரே, செருப்பு வார் அறுவது கதாசிரியர்கள் செய்யும் மலிவான வேலை என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானாக எழுதியிருந்தால் கண்ணியமாக ஏதாவது அறுத்திருப்பேன். ஆனால் அறுந்தது செருப்புதான்.

மறுநாள் காலையில் தம்பி வீட்டுக்குத் தொலைபேசி. மாப்பிள்ளையின் அம்மா. அந்தக் குரல் முன்னறைவரை கேட்டது. "உங்க மகனும் மருமகளும் மறுபடி சேந்துட்டாங்களாமே! எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நாங்களும் இத்தனை நாளா வேண்டிக்கிட்டுத்தான் இருந்தோம்!"

தம்பி மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

முதலில் புரிந்துகொண்டது சின்னவள். "மறுபடியாமா?" என்றாள். "அப்ப பிரிஞ்சது அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாம். முதல் மாதத்திலிருந்தே தெரியுமாம். மருமகள் புது வீட்டுக்குச் சாவி வெட்டிக்கொண்டது அதே பெட்டிக்கடையில்தான். மேலாளருக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் சொல்லாமல் காத்த ரகசியத்தை அவர்கள் தெரியாததுபோல் காத்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியக் கூடாதென்றுதான் ஒரு வருடம் அந்தக் கணக்கைத் திறந்து வைத்திருந்தோம். அந்த ஒரு வருடத்தின் ஒவ்வொரு மாதமும் மருமகளின் கடன் வரலாற்றில் ஒரு கோடு.

'நான் நாற்காலியில் சரிந்தேன்' என்று எழுதலாம். நான் சரிகிறவள் அல்ல. எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். அது சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

தம்பிதான் மலர்ந்துபோனான். "பாத்தியாக்கா! நாம ஒண்ணுமே சொல்லாம நல்ல பேரு தானா வந்திருக்கு. சேந்துட்டாங்கன்னே இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

8

கணக்கை மூடினால் மட்டும் போதாது என்பது எங்களுக்குத் தெரியாது. கடன் வரலாற்றில் இரண்டு பெயர்களுக்கும் இடையே போட்ட முடிச்சு தானாக அவிழாதாம். 'எங்களுக்குள் இனி எந்தப் பணத் தொடர்பும் இல்லை, எங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்' என்று எழுதிக் கேட்க வேண்டும். கணக்கு தீர்ந்ததை வங்கி உறுதிசெய்து அதோடு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் அவளுடைய கடன் விண்ணப்பத்தை மறுபடி பார்ப்பதாக மற்ற வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். பழைய கோடுகள் கொஞ்ச நாள் இருக்கும். அவற்றுக்கு அவள் விளக்கம் சொல்லிக்கொள்வாள். முடிச்சுக்குத்தான் விளக்கம் கிடையாது.

மருமகள் அந்தக் காகிதத்தோடு மேலாளரிடம் போயிருக்கிறாள். அவள் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உக்காரும்மா, உக்காரு. கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். இப்பத்தான் சேந்திருக்கீங்க, இந்த நேரத்துல இது எதுக்கு?"

"நாங்க சேரல சார்."

"ஊடல் எல்லார் வீட்லயும் இருக்கிறதுதான். கோவத்துல எதையாவது எழுதி அனுப்பிட்டு, நாளைக்கு வீடு வாங்க ரெண்டு பேரும் சேந்து லோன் கேட்டா கஷ்டமாயிடும்."

"வீடு வாங்கல சார். பல் உலை வாங்கப்போறேன். நான் மட்டும்."

"அவசரப்படாதம்மா. என் டிராயர்லயே பத்திரமா இருக்கட்டும். உங்க வீட்டுப் பெரியவங்க யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே முத்திரை போட்டு அனுப்பிடுறேன்."

கப்பலும் போய்ச் சொல்லிப் பார்த்தான். சொல்லும்போது அவன் கண் கலங்கியதால் மேலாளரின் சந்தேகம் உறுதிப்பட்டது. தோளில் தட்டி அனுப்பிவைத்தார்.

நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்தக் கதையில் கெட்டவரே இல்லாதது எனக்குப் பெரிய இடைஞ்சல்.

தம்பியிடம் கேட்டேன். நீ போய்ச் சொல், இல்லையென்றால் என்னைச் சொல்லவிடு. "தீர்மானம்கா" என்றான். "நீயே எழுதினது. நீயே மீறுவியா?" இணைப்பு கொடுக்காத அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டான். நான் மீற மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். போட்ட கையெழுத்திலிருந்து நான் பின்வாங்கியதில்லை. மாதமோ முடியப்போகிறது.

அன்றுதான் கதை எழுதலாமா என்று கேட்டேன்.

9

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் முடிவு: லேபில் புதுப் பெயர்ப்பலகை. மருமகள் உலையைத் திறக்கிறாள். உள்ளே முதல் பல் வெள்ளையாக மின்னுகிறது. நான் வாசலில் நிற்கிறேன், கண்ணில் — இல்லை. என் கண்ணில் எதுவும் வராது. அடித்தேன்.

இரண்டாம் முடிவு: காகிதம் டிராயரிலேயே கிடக்கிறது. வெளியூர்க்காரர் லேபை வாங்கிவிடுகிறார். சின்னவள் கல்யாணத்தில் மருமகளைக் கப்பலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். படம் மிக நன்றாக வருகிறது. குடும்ப மானம் காப்பாற்றப்படுகிறது. அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு அளவெடுத்துச் செய்தது என்று எனக்கு மட்டும் தெரிகிறது.

இது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. நடக்கக்கூடியதும் இதுதான். அதனால் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் முடிவு: அவர்கள் உண்மையிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். இதைப் பலர் விரும்புவீர்கள். கப்பலே விரும்புவான். ஆனால் அவளைக் கேட்காமல் எடுத்ததற்காகத்தான் அவள் போனாள். அவளைக் கேட்காமல் இந்த முடிவை நான் எடுத்தால் ஆறாவது நாற்காலியை வாங்கியவள் ஆவேன்.

எனவே முடிவு எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம். இதை எழுதும் இன்றைக்கு லேப் விற்கவில்லை, காகிதம் டிராயரில் இருக்கிறது, கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது. இந்தப் பத்திரிகை மாதக் கடைசிக்கு முன் வெளிவந்துவிடும் என்று ஆசிரியர் உறுதி தந்திருக்கிறார். என்ன அவசரம் என்று கேட்டார். பல் விஷயம் என்றேன்.

இந்தப் பத்திரிகையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன். கூட்டுக் கணக்கு தொடங்க முதன்முதலில் போனபோது, மேலாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இதன் சந்தா ரசீதைப் பார்த்தேன். மதிய உணவின்போது கதைப் பகுதியைத்தான் முதலில் படிப்பேன் என்று அவரே சொன்னார். ஆக, இந்தக் கதைக்கு வாசகர்கள் பலர். முடிவு அவர்களில் ஒருவர் கையில் இருக்கிறது. அவருடைய இடப்பக்க டிராயரில் முத்திரையும் இருக்கிறது.

ஐயா, கையைத் துடைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தம்பியும் படிப்பான். கதையை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவன் சொன்னது சரி. இதுவரை வந்ததை நீங்கள் நம்பவேண்டியதில்லை. நாற்காலிகளைக் கட்டுக்கதை என்று வைத்துக்கொள்ளுங்கள், செருப்பையும். கதை இந்த வரியோடு முடிகிறது. கீழே வருவது கதையில் சேராது. நான் கையெழுத்திட்ட தீர்மானத்தை நான் மீறுவது அந்த இடத்தில்தான். அறிந்தே மீறுகிறேன். குறிப்பில் அப்படியே ஏறட்டும்.

10

திருத்தம்.

அந்த வீட்டு மகனும் மருமகளும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்றும், கைகோத்து வங்கிக்கு வந்தார்கள் என்றும் பேசப்படுகிறது.

சேரவில்லை. பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்தது கணக்கை மூட. அவர்களுக்குள் இனி எந்தப் பணத் தொடர்பும் கிடையாது. அவள் தன் பெயரில் கேட்கும் கடன் அவளுடையது மட்டும். இதைச் சொல்வது அந்த வீட்டுப் பெரியவள்.